82 சதவீதத்தில் ஊரின் கருத்து எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் வளர்ந்துவரும் இளம் ஹிஸ்பானிக் (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வம்சாவளியைச் சேர்ந்த) மேயர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். டெக்சஸ் மாநிலம் சான் அன்டோனியோவின் மேயராக இருந்த ஹூலியான் காஸ்ட்ரோ 2011ஆம் ஆண்டுத் தேர்தலில் 82 சதவீத வாக்கு பெற்றதைச் சொல்லி, ஊரே அவர் பக்கம் நின்றது என்ற பொருளில் கட்டுரை முடிந்திருந்தது. எண் சரி. அதிலிருந்து எடுத்த முடிவு சரியில்லை. ஒரு மேயரைப் பற்றி ஊர் என்ன நினைக்கிறது என்பதை இந்த வழியில் கண்டுபிடிக்க முடியாது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இளம் தலைவர்களைப் பற்றிய செய்திகளில் இதே தவறு திரும்பத் திரும்ப வருகிறது.

அந்த 82 சதவீதத்தைப் பிரித்துப் பார்ப்போம். 2011 மே மாதத் தேர்தலில் பதிவு பெற்ற வாக்காளர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட வாக்களிக்கவில்லை. தாராளமாகப் பத்துப் பேர் என்றே வைத்துக்கொள்வோம். அதில் 82 சதவீதம் என்றால் எட்டுப் பேர். நூறு வாக்காளர்களில் எட்டுப் பேர் அவருக்குப் போட்டார்கள், இரண்டு பேர் மற்றவர்களுக்குப் போட்டார்கள், தொண்ணூறு பேர் வீட்டில் இருந்தார்கள். வராத தொண்ணூறு பேரும் அவரை வெறுத்தார்கள் என்று சொல்ல வரவில்லை. மனநிறைவோடு இருந்ததால் வராதவர்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் எண்ணம் என்ன என்பது அந்த வாக்குப்பெட்டியில் இல்லை, அவ்வளவுதான். 2013இல் அவர் 67 சதவீதம் பெற்றார். அப்போதும் வாக்குப்பதிவு பத்து சதவீதத்தைத் தொடவில்லை. 82இலிருந்து 67க்கு இறங்கியதால் செல்வாக்கு சரிந்தது என்று யாராவது எழுதினால் அதுவும் இதே தவறுதான்.

வாக்குப்பதிவு இவ்வளவு குறைவதற்கு அந்த ஊர் மக்களின் சோம்பல் காரணமில்லை, அமைப்புதான் காரணம். அப்போது நகரத் தேர்தல் ஒற்றைப்படை ஆண்டுகளில் மே மாதம் நடந்தது. அதிபர், ஆளுநர், செனட்டர் தேர்தல் எதுவும் கூட வராது. வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரும் கிடையாது. பதவிக்காலம் இரண்டே ஆண்டு என்பதால், பதவியில் இருப்பவர் பெரிய தவறு செய்யாதவரை வலுவான ஆள் எதிர்த்து நிற்கவும் மாட்டார். போட்டி இல்லாத தேர்தலுக்கு மக்கள் வராமல் போவதில் வியப்பில்லை. 2024 நவம்பரில் நகரத்தின் அடிப்படைச் சட்டமான சாசனத்தைத் திருத்திப் பதவிக்காலத்தை நான்கு ஆண்டாக்கினார்கள். இனிமேலாவது இந்த நிலை மாறுகிறதா என்று பார்க்கலாம்.

காஸ்ட்ரோவைப் பற்றி ஊர் என்ன நினைத்தது என்று அறிய 2011ஐவிட 2005 நன்றாக உதவும். அந்த ஆண்டு அவர் தோற்றார். 2001இல் 26 வயதில் நகர மன்ற உறுப்பினரானவர், 30 வயதில் மேயர் பதவிக்கு நின்றார். முதல் சுற்றில் ஏறத்தாழ 42 சதவீதம் பெற்று முன்னணியில் வந்தார். பாதியைத் தாண்டாததால் இரண்டாம் சுற்று நடந்தது. அதில் ஓய்வுபெற்ற மேல்முறையீட்டு நீதிபதி ஃபில் ஹார்ட்பெர்கர் சுமார் மூன்று சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் வென்றார். ஹார்ட்பெர்கருக்கு அப்போது வயது 70. முதல் சுற்றில் மூன்றாவதாக வந்த வேட்பாளரின் பலம் நகரின் வடபகுதியில் இருந்தது. அந்த வாக்குகள் பெரும்பாலும் நீதிபதியின் பக்கம் சாய்ந்தன. அனுபவம் போதாது என்ற பேச்சும் பரவியிருந்தது. அதற்கு நடுவில் ஊரின் நதி ஊர்வலம், அதாவது ஆற்றில் படகுகள் வரிசையாகப் போகும் விழா, வந்தது. நகர மன்றத்தின் படகில் நின்று கையசைத்தவர் ஹூலியான் இல்லை, அவருடைய இரட்டைச் சகோதரர் ஹோக்கின். ஏமாற்றும் நோக்கம் எதுவும் இல்லை என்று விளக்கம் கொடுத்தார்கள். ஆனால் 'ஆள் மாறாட்டம்' என்ற பேச்சு ஊர் முழுக்கச் சுற்றியது. நூறு பக்கக் கொள்கை அறிக்கையை மறந்துவிடும் வாக்காளருக்கு இப்படி ஒரு காட்சி நினைவில் நின்றுவிடும். இளையவர் என்பதால் ஏற்கெனவே சந்தேகத்தோடு பார்க்கப்படுபவருக்கு அது இரட்டிப்புச் சேதம்.

நான்கு ஆண்டு கழித்து 2009இல் அவர் முதல் சுற்றிலேயே 56 சதவீதம் பெற்று வென்றார். நாட்டின் ஐம்பது பெரிய நகரங்களின் மேயர்களில் அவர்தான் மிக இளையவர் என்று அப்போது எழுதினார்கள். அந்த நான்கு ஆண்டுகளில் வடபகுதி வாக்காளர்கள் எந்த அளவு மாறினார்கள் என்பதுதான் உண்மையான செய்தி. அதைப் பார்க்க மாவட்டத் தேர்தல் அலுவலகம் வெளியிடும் வாக்குச்சாவடி வாரியான முடிவுகளை எடுக்க வேண்டும். 2005இன் இரண்டு சுற்றையும் 2009ஐயும் சாவடி சாவடியாகப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சாவடி எல்லைகள் இடையில் மாறியிருந்தால் அவற்றைத் தனியே ஒதுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் இல்லாத மாற்றம் இருப்பதுபோல் தெரியும். ஒரு மாலை வேலைதான். ஆனால் செய்பவர்கள் குறைவு.

அவருடைய செல்வாக்கைச் சோதித்த பெரிய வாக்கெடுப்பு 2012 நவம்பர் 6ஆம் தேதி நடந்தது. நான்கு வயதுக் குழந்தைகளுக்கு முழுநாள் முன்பள்ளி நடத்த, விற்பனை வரியை டாலருக்கு ஒரு சென்ட்டில் எட்டில் ஒரு பங்கு உயர்த்தலாமா என்று நகரம் மக்களிடம் கேட்டது. நூறு டாலருக்குப் பொருள் வாங்கினால் பன்னிரண்டரை சென்ட் கூடுதல். தொகை சின்னதாகத் தெரியும். ஆனால் டெக்சஸில் மாநில வரி 6.25 சதவீதம், உள்ளூர் அமைப்புகள் எல்லாம் சேர்ந்து அதற்குமேல் 2 சதவீதம்தான் போட முடியும். சான் அன்டோனியோ 8.125இல் இருந்தது. இந்த உயர்வோடு 8.25ஐத் தொட்டு உச்சவரம்பு முடிந்துவிட்டது. அதாவது மிச்சமிருந்த கடைசித் துளி வரி இடத்தையும் மேயர் முன்பள்ளிக்குக் கேட்டார். பள்ளிக்கூடம் நடத்துவது அதற்கென்றே தனியாக உள்ள உள்ளாட்சி அமைப்புகளான பள்ளி மாவட்டங்களின் வேலை, நகரத்தின் வேலை இல்லை என்று எதிர்த்தவர்கள் இருந்தார்கள். எல்லோரிடமும் வரி வாங்கிச் சில ஆயிரம் குழந்தைகளுக்குச் செலவிடுவது நியாயமா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். இரண்டுமே பொறுப்பான கேள்விகள்.

இதற்கு இரண்டு மாதம் முன்பு, செப்டம்பர் 4 அன்று, வட கரோலினாவின் சார்லட் நகரில் நடந்த ஜனநாயகக் கட்சி தேசிய மாநாட்டில் காஸ்ட்ரோ முக்கிய உரை நிகழ்த்தினார். அந்த உரைக்கு அழைக்கப்பட்ட முதல் ஹிஸ்பானிக் அவர். நாடு முழுக்க அவர் பெயர் பேசப்பட்ட நேரம். அந்த உச்சத்தில் சொந்த ஊரில் அவருடைய திட்டத்துக்குக் கிடைத்தது ஏறத்தாழ 53.6 சதவீதம். அதிபர் தேர்தல் அன்றே நடந்ததால், மே மாதத் தேர்தலுக்கு வருவதைப்போலப் பல மடங்கு மக்கள் வந்து போட்ட வாக்கு இது. எனவே 82ஐவிட 53.6தான் ஊரின் கருத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பது என் கணிப்பு. மேயரைப் பிடிக்கும், வரியைப் பிடிக்காது என்று 'வேண்டாம்' போட்டவர்களும் அதில் உண்டு. இதை நேரடி ஆதரவு எண்ணாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஆனாலும் ஒரு தலைவர் தன் பெயரைப் பணயம் வைத்து, செலவு இன்னது என்று சொல்லிக் கேட்டபோது மக்கள் கொடுத்த பதில் இது. அந்தத் திட்டம் 2013இல் வகுப்புகளைத் தொடங்கியது. 2020 நவம்பரில் அதே வரியை நீட்டிக்க மறுபடி கேட்டபோது மக்கள் முதல் முறையைவிட மிக அதிக ஆதரவு கொடுத்தார்கள். அப்போது காஸ்ட்ரோ மேயராக இல்லை. கண்ணால் பார்த்த பள்ளிக்கூடத்துக்குக் கிடைத்த வாக்கு அது.

அடுத்து, கட்டுரை தொடவே தொடாத ஒன்று: மேயரின் அதிகாரம். சான் அன்டோனியோவில் நிர்வாகத்தை நடத்துபவர் மேயர் இல்லை. நகர மன்றம் நியமிக்கும் சிட்டி மேனேஜர்தான் துறைத்தலைவர்களை நியமிக்கிறார், வரவுசெலவுத் திட்டத்தைத் தயாரிக்கிறார், அன்றாட வேலையைப் பார்க்கிறார். பத்துத் தொகுதி உறுப்பினர்களோடு மேயருக்கும் சேர்த்துப் பதினொரு வாக்கு. அதில் மேயருடையது ஒன்று. தீர்மானத்தை ரத்து செய்யும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. 2015இல் சாசனம் திருத்தப்படும்வரை மேயருக்குக் கிடைத்த ஊதியம் ஆண்டுக்குச் சுமார் 4,000 டாலர்தான். மாதத்துக்கு இல்லை, ஆண்டுக்கு. வேறு வருமானம் உள்ளவர்தான் அந்த நாற்காலியில் உட்கார முடியும் என்பதால், 'இளம் மேயர்' என்ற தேர்வே எவ்வளவு சிறிய வட்டத்துக்குள் நடந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

இது கருத்துக்கணிப்பை நேரடியாகக் கெடுக்கும். சாலையில் குழி என்றால் மக்கள் மேயரைத் திட்டுகிறார்கள். அது மேனேஜரின் துறை. புதிய பூங்கா திறந்தால் மேயரைப் பாராட்டுகிறார்கள். அதற்கான கடன்பத்திரத்துக்கு ஒப்புதல் முந்தைய மேயரின் காலத்தில் கிடைத்திருக்கலாம். ஆனால் மின்கட்டணத்தில் மட்டும் மேயருக்கு நேரடித் தொடர்பு உண்டு. நகரத்துக்குச் சொந்தமான மின் நிறுவனம் சிபிஎஸ் எனர்ஜியின் நிர்வாகக் குழுவில் மேயர் பதவிவழி உறுப்பினர். கட்டணத்தை உயர்த்த நகர மன்றத்தின் ஒப்புதல் வேண்டும். காஸ்ட்ரோ பதவியேற்ற சில மாதத்தில் வந்த முதல் சோதனையும் இதில்தான். 2009 அக்டோபரில் அணுமின் நிலைய விரிவாக்கத்துக்கு 40 கோடி டாலர் கடன்பத்திரம் வெளியிட மன்றம் வாக்களிக்க இருந்தது. வாக்கெடுப்புக்கு முன்பு, மதிப்பீட்டைவிடச் செலவு 400 கோடி டாலர் வரை கூடும் என்ற தகவல் நிறுவனத்துக்குள்ளேயே இருந்தும் மன்றத்துக்குச் சொல்லப்படவில்லை என்று தெரியவந்தது. வாக்கெடுப்பு நிறுத்தப்பட்டது. மேயர் நிர்வாகக் குழுவில் மாற்றம் கேட்டார். அடுத்த ஆண்டு நடந்த சமரசத்தில் நகரம் தன் பங்கை 7.6 சதவீதமாகக் குறைத்துக்கொண்டு வெளியே வந்தது. ஓர் இளம் மேயரின் பெயர் மக்கள் மனத்தில் நிலைபெறுவது இப்படிப்பட்ட இடங்களில்தான். மாநாட்டு உரைகள் ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்காக.

எதிர்ப்பு எங்கே ஒளிந்திருக்கும் என்பதற்கும் அந்த ஊரிலேயே சான்று உண்டு. நகர மையத்தில் டிராம் விடும் திட்டத்தை மேயர் ஆதரித்தார். கூட்டங்களில் ஆதரவுக் குரலும் கேட்டது. டெக்சஸ் சட்டப்படி, ஊரின் வாக்காளர்களில் 5 சதவீதம் அல்லது 20,000 பேர், இரண்டில் எது குறைவோ அத்தனை பேர் கையெழுத்திட்டால் சாசனத் திருத்தத்தை வாக்கெடுப்புக்குக் கொண்டுவரலாம். எதிர்ப்பாளர்கள் மனு எடுத்துக்கொண்டு வீதிக்கு வந்தார்கள், தீயணைப்பு வீரர்களின் தொழிற்சங்கமும் துணை நின்றது. 2014 ஜூலையில், காஸ்ட்ரோ ஒபாமாவின் அமைச்சரவையில் வீட்டுவசதி அமைச்சராகச் சேர்ந்த அதே மாதத்தில், நகரமும் மாவட்டமும் திட்டத்திலிருந்து பின்வாங்கின. கூட்ட அரங்கில் மைக்கைப் பிடிப்பவர்கள் ஊரின் மாதிரி ஆக மாட்டார்கள், எந்தப் பக்கத்தில் நின்று பேசினாலும்.

மயாமியிலும் இதே பாடம், கட்சி மட்டும் வேறு. கியூபா வம்சாவளியைச் சேர்ந்த குடியரசுக் கட்சிக்காரர் ஃபிரான்சிஸ் சுவாரஸ் 2017இல் 40 வயதில், 86 சதவீத வாக்கோடு மேயரானார். அடுத்த ஆண்டு நவம்பரில், மேயருக்கு நிர்வாக அதிகாரம் தரும் திருத்தத்தை அவரே முன்வைத்தார். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டாம் என்றார்கள். ஆளைப் பிடித்திருந்தது, அவர் கையில் கூடுதல் அதிகாரம் கொடுக்கப் பிடிக்கவில்லை. 2021இல் அவரையே மறுபடி பெரும்பான்மையோடு தேர்ந்தெடுத்தார்கள். இந்த இரண்டு எண்ணமும் ஒரே மனிதரிடம் ஒரே நேரத்தில் இருக்க முடியும். 'ஆதரவா, எதிர்ப்பா' என்ற ஒற்றைக் கேள்வி அதைப் பிடிக்காது.

சரி, எப்படித்தான் கேட்பது? முதலில் யாரிடம் என்பதை முடிவு செய்ய வேண்டும். ஊரில் வசிப்பவர்கள், பதிவு பெற்ற வாக்காளர்கள், மே மாதத்தில் வந்து வாக்களிக்கக்கூடியவர்கள் என்பவை மூன்று வேறு கூட்டங்கள். கடைசிக் கூட்டத்தைப் பிடிக்க, வாக்காளர் பட்டியலில் இருக்கும் வாக்களிப்பு வரலாற்றைப் பார்த்து, கடந்த சில நகரத் தேர்தல்களில் இரண்டிலாவது வந்தவர்களை எடுப்பது வழக்கம். அப்படி எடுத்தால் வயதானவர்களும் சொந்த வீடு உள்ளவர்களும் அதிகமாகிவிடுவார்கள். தேர்தல் முடிவைக் கணிக்க அது சரி. ஊரின் கருத்து என்று அதையே அச்சிட்டால் இளைஞர்களையும் குடியுரிமை பெறாதவர்களையும் ஊரிலிருந்தே நீக்கியதாகிவிடும்.

பிறகு எண்ணிக்கை. 400 பேரைக் கேட்டால் பிழை வரம்பு, அதாவது உண்மை நிலையிலிருந்து கணிப்பு விலகக்கூடிய அளவு, கூட்டியோ குறைத்தோ சுமார் 5 புள்ளி. 1,000 பேர் என்றால் 3 புள்ளி. கணக்கு எளிது: 98ஐ எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் போதும். தலைப்புச் செய்தி எழுதுபவர்கள் தவறுவது அதற்குப் பிறகுதான். 400 பேரில் ஹிஸ்பானிக்குகள் 240 என்றால் அவர்களுக்கான பிழை 6 புள்ளிக்குமேல். அவர்களில் 35 வயதுக்குக் கீழே 60 பேர் மட்டும் என்றால் ஏறத்தாழ 13 புள்ளி. அந்த 60 பேரில் 54 சதவீதம் ஆதரவு, 46 சதவீதம் எதிர்ப்பு என்று வந்தால், 'இளம் ஹிஸ்பானிக்குகள் மேயர் பக்கம்' என்று எழுத எந்த ஆதாரமும் இல்லை. இளைஞர்களைப் பற்றி எழுத வேண்டுமென்றால் அவர்களைத் தனியாக அதிக எண்ணிக்கையில் கேட்டு, பிறகு மொத்தத்தில் அவர்கள் பங்குக்கு ஏற்றபடி எடையைக் குறைக்க வேண்டும்.

மலிவான இணையக் கணிப்புகளில், அதாவது யார் வேண்டுமானாலும் தாமே சேர்ந்து, பரிசுப் புள்ளிக்காகப் பதில் சொல்லும் குழுக்களில், இந்தப் பிரிவினரின் பதில்தான் மிக மோசமாகக் கெடுகிறது. அமெரிக்காவின் கருத்துக்கணிப்பு நிறுவனமான பியூ ஆய்வு மையம் 2022இல் ஒரு சோதனை செய்தது. அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலை இயக்க உரிமம் இருக்கிறதா என்று அப்படிப்பட்ட குழுவிடம் கேட்டது. 30 வயதுக்குட்பட்டவர்கள் என்று பதிந்திருந்தவர்களில் 12 சதவீதம் பேர் 'ஆம்' என்றார்கள். ஹிஸ்பானிக் என்று பதிந்திருந்தவர்களில் 24 சதவீதம் பேர் 'ஆம்' என்றார்கள். உண்மையில் அந்த விகிதம் பூஜ்யம்தான். பதில் சொன்னவர்களில் பலர் இளைஞரும் இல்லை, ஹிஸ்பானிக்கும் இல்லை. தேவைப்படும் பிரிவில் தங்களைச் சேர்த்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று தட்டிவிட்டுப் போனவர்கள். ஓர் இளம் ஹிஸ்பானிக் மேயரைப் பற்றி அந்த இரண்டு பிரிவினரும் என்ன நினைக்கிறார்கள் என்று தேடும்போது, போலிப் பதில் அங்கேயே குவிந்திருக்கிறது. முகவரிப் பட்டியலிலிருந்தோ வாக்காளர் பட்டியலிலிருந்தோ குலுக்கல் முறையில் ஆள் எடுக்காத கணிப்பை இந்த விஷயத்தில் அச்சில் ஏற்றவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

யார் ஹிஸ்பானிக் என்பதும் அவ்வளவு எளிதில்லை. டெக்சஸில் வாக்காளராகப் பதியும் படிவம் இனம் கேட்பதில்லை. ஆகவே ஆய்வாளர்கள் ஸ்பானியக் குடும்பப் பெயர்ப் பட்டியலை வைத்துப் பிரிக்கிறார்கள். திருமணமாகிக் கணவர் பெயரை எடுத்துக்கொண்ட பெண்கள் இதில் விடுபடுவார்கள். ஸ்பானியப் பெயர் கொண்ட பிலிப்பினோக்கள் உள்ளே வந்துவிடுவார்கள். மொழியும் அப்படித்தான். காஸ்ட்ரோ சரளமாக ஸ்பானியம் பேசுபவர் இல்லை. மூன்றாம் தலைமுறைக் குடும்பங்களில் இது சாதாரணம். ஆங்கிலத்தில் மட்டும் கேட்கும் கணிப்பு புதிதாக வந்தவர்களையும் மூத்தவர்களையும் இழக்கும். அழைப்பின் முதல் வரியிலேயே எந்த மொழி வேண்டும் என்று கேட்க வேண்டும். பாதியில் திணறிய பிறகு மொழி மாற்றினால் பலர் அதற்குள் போனை வைத்துவிடுவார்கள்.

கேள்விகளின் வரிசையும் முக்கியம். நகரம் சரியான திசையில் போகிறதா என்பது முதலில். பிறகு மேயரின் பெயரைச் சொல்லி, கேள்விப்பட்டிருக்கிறீர்களா என்பது. கேள்விப்படாதவர்களைத் தனியே எண்ண வேண்டும். அவர்களை விட்டுவிட்டு மிச்சமுள்ளவர்களில் சதவீதம் போடுவது தந்திரம். அதன் பிறகு மேயர் வேலையை எப்படிச் செய்கிறார் என்பது ஒரு கேள்வி, அவரைப் பற்றிய அபிப்பிராயம் என்ன என்பது இன்னொரு கேள்வி. கடைசியில், ஊருக்கு வெளியே பெரிய பதவிக்குப் போனால் ஆதரிப்பீர்களா என்பது. இதை முதலில் கேட்டால் ஊர்ப் பெருமை மற்ற எல்லாப் பதிலையும் தூக்கிவிடும். உள்ளூர்ச் செல்வாக்கு வெளியே செல்லுபடியாகும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். காஸ்ட்ரோ 2019 ஜனவரியில் அதிபர் வேட்பாளர் போட்டியில் இறங்கி, ஒன்றிரண்டு சதவீதத்திலேயே நின்று, 2020 ஜனவரி தொடக்கத்தில் விலகினார். சுவாரஸ் 2023 கோடையில் இறங்கி, முதல் விவாத மேடைக்குத் தகுதி பெறாமல் சில வாரத்திலேயே விலகினார்.

இதே சான் அன்டோனியோவில் 1981இல் ஹென்றி சிஸ்னெரோஸ் 33 வயதில் மேயரானார். 1840களில் இருந்த ஹுவான் செகினுக்குப் பிறகு அந்த ஊருக்குக் கிடைத்த முதல் மெக்சிக அமெரிக்க மேயர் அவர். அதற்கு நான்கு ஆண்டு முன்பு, 1977இல்தான், மத்திய அரசின் நீதி அமைச்சகம் கொடுத்த அழுத்தத்தால் ஊர் முழுதும் சேர்ந்து வாக்களிக்கும் முறை போய்த் தொகுதிவாரியாக மன்ற உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. மெக்சிக அமெரிக்கர்கள் அதிகம் வாழும் மேற்குப் பகுதி மக்களின் கருத்து 1976இலும் இருந்தது. அதை எண்ணும் வழிதான் இல்லை. இளம் மேயர்களின் வரலாற்றை எழுதும்போது 1977ஐயும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி வெளிநாட்டு மேயர் எவரைப் பற்றியும் வெற்றி சதவீதம் அச்சிடும்போது, அதே வரியில் வாக்குப்பதிவு சதவீதத்தையும் தேர்தல் மாதத்தையும் சேர்த்து அச்சிடுங்கள். கருத்துக்கணிப்பு என்றால் எத்தனை பேர், எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், எந்த மொழிகளில் கேட்கப்பட்டார்கள் என்று மூன்று விவரம் போதும். ஒரு வரிக்குமேல் இடம் பிடிக்காது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்